எனக்காக யாரும் அழுத்த வேண்டாம்

சரவணா,

நீ செய்த இணையதளம் என் பெயரைச் சங்கத்திலிருந்து எடுத்துவிட்டது. நாற்பத்தொரு ஆண்டுகள் அங்கே இருந்த பெயர். நான் சாகவில்லை, ஊரை விட்டுப் போகவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. கண் தெரியாதவன் உள்ளே வர வழியில்லாமல் நீ ஒரு கதவு செய்தாய். அதைத் திறக்க முடியாமல் நான் மூன்று நாள் தடவிக்கொண்டிருந்தபோது, பக்கத்திலேயே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். இதைச் சின்னக் கோளாறு என்று நீ சொன்னாய். நான் அநியாயம் என்கிறேன். கோளாறு தெரியாமல் நடப்பது. இது உனக்குத் தெரிந்த பிறகும் அப்படியே இருக்கிறது.

நீ சிங்கப்பூருக்கு விமானம் ஏறிப் பதினெட்டு நாள் ஆகிறது. வழியனுப்ப வந்த நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் நின்றது தவறு என்று உன் அம்மா சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் அன்று வாயைத் திறந்திருந்தால், புறப்படும் பிள்ளையிடம் சொல்லக் கூடாததைச் சொல்லியிருப்பேன். அதனால் இப்போது நிதானமாக எழுதுகிறேன். மின்சாரம் இருக்கும்போது போனுக்கு ஏற்றிக்கொண்டு, அது போன பிறகு இருட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான். இது உனக்கு மட்டும் வரும் கடிதம் இல்லை. சங்கத்தின் குழுவிலும் போடுவேன், அச்சடித்து மன்றத்துப் பலகையிலும் ஒட்டச் சொல்வேன். குடும்பச் சண்டையை ஊருக்குக் காட்டுகிறார் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். என் பெயரை எடுத்தது ஊருக்கு முன்னால்தானே.

உனக்குத் தமிழ் கேட்டால் புரியும். படிப்பதென்றால் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, இரண்டாவது வரியில் அலுத்துவிடுவாய். உன்னைப் பர்மியப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகாமல் நீ ஏமாற்றியதைப் பார்த்தும் பாராமல் இருந்தவன் நான். அதில் உன்மேல் குறை இல்லை. அதனால் இதை நீ படிக்க வேண்டாம். உன் போனிலேயே வாசித்துக் காட்டும் குரல் இருக்கிறது, அதைத் தட்டிவிட்டுக் கேள். ஒன்றை மட்டும் கவனி. உன்னால் கேட்க முடிவது, இதை நான் எழுத்தாக எழுதியிருப்பதால். அச்சடித்த தாளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தால் உன் போன் "படம்" என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நின்றிருக்கும். உன் தளம் எனக்குச் சொன்னதும் அதே ஒரு சொல்தான்.

சங்கத்தில் இல்லாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். எங்களுடையது பரோபகாரச் சங்கம் என்று பலகையில் இருக்கும். பர்மாவில் எங்கள் வட்டாரமான லான்மடாவில் எல்லோரும் சொல்வது சாவுச் சங்கம் என்றுதான். துறைமுகத்திலும் ரயிலிலும் நகராட்சியிலும் வேலை செய்த நம் ஆட்கள், செத்தால் தூக்க நாலு பேர் வேண்டுமே என்று சேர்த்தது. பாடையும் தூக்குவோம், பெட்டியும் தூக்குவோம். கோயிலுக்குப் போகிறவனா, மாதா கோயிலுக்குப் போகிறவனா என்று கேட்பதில்லை. கப்பல் கப்பலாக நம்மவர்கள் இந்தியாவுக்குப் போன காலத்தில், யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்றே தெரியாமல் போனதாம். அப்போது ஒரு வழக்கம் வந்தது. ஆண்டுக்கு ஒரு நாள் உறுப்பினர் எல்லோரும் மன்றத்துக்கு வந்து, தன் பெயரைச் சொல்லி, "இருக்கேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். யாரும் யாருக்காகவும் சொல்லக் கூடாது. புருஷன் பெண்டாட்டிக்காகச் சொல்லக் கூடாது, பிள்ளை பெற்றவனுக்காகச் சொல்லக் கூடாது. சொல்லாதவர் செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஊரை விட்டுப் போயிருக்க வேண்டும் என்று பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் இல்லாதவர் வீட்டுக்குச் சங்கம் தூக்க வராது. கடுமையான வழக்கம்தான். ஆனால் கலெக்டர் மாதிரி இருந்தவரும், சாக்கடை அள்ளியவரும் ஒரே வரிசையில் நின்று ஒரே சொல்லைச் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கும்.

அந்தச் சொல்லைத்தான் நீ ஒரு பொத்தானாக மாற்றினாய். கூட்டம் கூட முடியாத காலம் ஒன்று வந்துபோன பிறகு, தளம் வேண்டும் என்று சங்கத்தில் கேட்டபோது, நீ ஒரு காசு வாங்காமல் செய்து கொடுத்தாய். திறப்பு நாளில் ஜெனரேட்டர் போட்டு, சுவரில் வெளிச்சம் அடித்துக் காட்டினாயே, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பர்மியத்தில் பேசினாய், இடையிடையே தமிழ். "இருக்கேன்" என்ற இடத்தில் ஒரு அகல்விளக்குப் படம் வைத்திருக்கிறேன், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களும் விளக்கைத் தொட்டால் போதும் என்றாய். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர், "அண்ணே, பையன் உங்க மாதிரி இல்ல, மரியாதையாப் பேசுறான்" என்று சீண்டினார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எழுத்துத் தெரியாதவர்களை நினைத்துப் பார்த்த பிள்ளை என்று மனசுக்குள் பெருமைப்பட்டேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சொந்த அப்பனுக்கு விளக்கு தெரியாது என்பது உனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், அன்று எனக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. போனை எனக்குக் கற்றுக் கொடுத்தது பக்கத்து வட்டாரமான லத்தாவில் மசாஜ் செய்யும் கோ மியோ என்று உனக்குத் தெரியும். பிறவியிலேயே கண் இல்லாதவன். என் கண் போய்க்கொண்டிருந்த ஆறு ஆண்டுகளும் நான் அதை எல்லோரிடமும் மறைத்து, என் அச்சுக்கடையில் எழுத்துப் பிழை பார்ப்பதுபோல் தாளை முகத்தருகே பிடித்து நடித்துக்கொண்டிருந்தபோது, கழுத்து வலிக்கென்று போன என்னிடம், "ஊலே, உங்க கழுத்து வலிக்கு மருந்து போன்ல இருக்கு" என்று மாமா முறை வைத்துப் பர்மியத்தில் சொல்லிச் சிரித்தவன். விரலை நகர்த்தினால் கீழே என்ன இருக்கிறது என்று போன் சொல்லும், இரண்டு முறை தட்டினால் திறக்கும். நாலு மாதத்தில் பழகிவிட்டேன். செய்தி கேட்கிறேன், பேசுகிறேன், இதோ எழுதுகிறேன். எழுபத்திரண்டு வயதில், கண் உள்ள யாரும் கூட உட்காராமல் கற்றது. அந்தத் திமிரோடுதான் உன் தளத்தைத் திறந்தேன்.

மேலே விரல் வைத்தேன். "படம்" என்றது. நகர்த்தினேன். "படம்." சங்கத்தின் அறிவிப்பு முழுவதையும் அழகாக எழுதி ஒரே படமாக வைத்திருக்கிறாய். பிறகு கட்டங்கள் வந்தன. எந்தக் கட்டத்தில் பெயர், எந்தக் கட்டத்தில் அடையாள அட்டை எண் என்று குரலுக்குத் தெரியவில்லை. "எழுதும் இடம், எழுதும் இடம்" என்று மட்டும் சொன்னது. நான் குத்துமதிப்பாக நிரப்பினேன். ஏதோ தப்பு. எது தப்பு என்று சொல்லவில்லை. உன் அம்மாவைக் கேட்டேன். தப்பான கட்டம் சிவப்பாகி இருக்கிறது என்றாள். சிவப்பு! நான் மறுபடி ஒவ்வொன்றாகத் தடவிச் சரிசெய்யும்போது, பாதுகாப்புக்கு என்று நீ வைத்த ஐந்து நிமிடம் முடிந்து, எல்லாம் அழிந்து, முதலிலிருந்து தொடங்கச் சொன்னது. மூன்றாம் நாள் ஒருவழியாகக் கடைசிவரை போய்விட்டேன். அங்கே உன் விளக்கு இருந்தது. "பெயரில்லாத பொத்தான்" என்றது குரல். பக்கத்தில் இன்னொன்று. அதுவும் பெயரில்லாத பொத்தான். ஒன்று "இருக்கேன்", ஒன்று "விலகுகிறேன்" என்று பிறகு நீ சொன்னாய். எது எது என்று தெரியாமல், தட்டாமல் விரலை எடுத்தேன். தெரியாமல் விலகிவிடுவேனோ என்ற பயம். அந்த வாரத்தோடு பதிவுக்கான கெடு முடிந்தது. என் பெயர் போனது.

அதற்குப் பிறகு நம் வீட்டில் நடந்ததை மறந்திருக்க மாட்டாய். நீ சட்டைகளை மடித்துக்கொண்டே பேசினாய். "அப்பா, சங்கத்துல கண்ணு தெரியாதவங்க யாரு? நீங்க ஒருத்தர்தான். ஒருத்தருக்காக எல்லாத்தையும் பிரிச்சுக் கட்டச் சொல்றீங்களா? அம்மா பக்கத்துலதான இருக்காங்க, அழுத்தச் சொல்லுங்க."

"உங்கம்மா எனக்காகச் சாப்பிடுவாளா?" என்றேன்.

"இது வேற, அது வேற."

"ரெண்டும் ஒண்ணுதான். நான் இருக்கேன்னு நான்தான் சொல்லணும்."

அடுப்படியிலிருந்து உன் அம்மா, "இவரு இருக்காரா இல்லையான்னு முப்பத்தஞ்சு வருசமா இந்த வீட்டுல எனக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல எனக்கு ஒரு விளக்கு வேணுமாக்கும்" என்றாள். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் உன் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடமாட்டேன்.

நான் ஒருத்தன்தானா? நீ புறப்பட்ட மறுநாள் தலைவர் நடராஜனிடம் போய், இந்த ஆண்டு எடுத்த பெயர்களை வாசிக்கச் சொன்னேன். செத்தவர்கள் இருந்தார்கள், தாய்லாந்துக்குப் போனவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் உயிரோடு இதே ஊரில் இருப்பவர்கள் பெயரும் வந்தது. உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தும் பஸ் ஏறியும், ஒவ்வொரு வீடாகப் போனேன். இட்லிக்கடை முனியம்மா அக்காவுக்குக் கை நடுங்குகிறது. ஒன்றைத் தொடப் போனால் விரல் இன்னொன்றில் விழுகிறது. ஐந்து நிமிடத்துக்குள் அவரால் பெயரைக்கூட முடிக்க முடியவில்லை. "நாலு தடவ பாத்தேன் தம்பி. அப்புறம் நமக்கு வயசாயிருச்சு, போதும்னு விட்டுட்டேன்" என்றார். வயசுமேல் பழியைப் போட்டுக்கொண்டார், பார். என் கடையில் இருபது ஆண்டு தாள் வெட்டிய ஆரோக்கியத்துக்குக் காது கேட்காது. எப்படிப் பதிவது என்று நீ பேசிக் காட்டிய வீடியோவை அவன் பத்து முறை பார்த்திருக்கிறான். உன் வாய் அசைவதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வது? கீழே ஒரு வரி எழுத்து இல்லை. லைங் தாயாவில் தையல் ஆலையில் வேலை பார்க்கும் செல்வி, ஊசி ஏறி இரண்டு விரல் மடங்காமல் போனவள். படத்தை இழுத்துப் பொருத்தினால்தான் உள்ளே விடும் என்று ஒன்று வைத்திருக்கிறாயாமே, அதை அவளால் இழுத்துப் பிடிக்க முடியவில்லை. ஆலை பஸ்ஸில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்து இழுக்கச் சொன்னாளாம். அதற்குள் நேரம் முடிந்தது. இவர்கள் எல்லோரும் இப்போது செத்தவர்களோடு ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொருவரும் தான் ஒருத்தர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நீ என்னிடம் சொன்ன அதே சொல்.

கோ மியோவிடம் இதைச் சொல்லி ஆத்திரப்பட்டேன். அவன் எப்போதும் அமைதி. நம்மை யாரும் வெறுப்பதில்லை ஊலே, நம் நினைப்பு அவர்களுக்கு வருவதில்லை, அவ்வளவுதான் என்றான். வெறுத்தால்கூட ஒருவன் என்னை நினைத்துப் பார்க்கிறான் என்றாகும் என்றேன். அவன் என் தோளை அமுக்கிவிட்டு, கோபத்தில் சதை கல்லாக இருக்கிறது, இதற்குத் தனியாகக் காசு கேட்பேன் என்றான்.

இனி என் தவறுகளைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் உன்னை மட்டும் குற்றவாளி ஆக்கினால் அது நேர்மை ஆகாது.

எழுத்தைப் படமாக்கும் பழக்கம் உனக்கு யாரிடமிருந்து வந்தது? என்னிடமிருந்து. பர்மிய எழுத்துக்குக் கணினியில் இரண்டு முறை இருந்த காலம் அது. ஒரு முறையில் அடித்ததை இன்னொரு முறை உள்ள போனில் திறந்தால் எழுத்து உடைந்து சிதறிக் கிடக்கும். நம் தமிழ் கல்யாணப் பத்திரிகைக்கும் அதே கதி. மாப்பிள்ளை பெயர் பூச்சி ஊர்ந்த மாதிரி வந்து, ஒரு வீட்டில் என்னை அடிக்காத குறை. அதற்கு நான் கண்டுபிடித்த வழிதான், எல்லாவற்றையும் படமாக்கி அனுப்புவது. எந்தப் போனில் திறந்தாலும் எழுத்து உடையாது. லான்மடாவ் முழுவதும் என்னைப் பார்த்துச் செய்தார்கள் என்று பெருமை பேசியிருக்கிறேன். கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீ முதலில் கற்ற வேலை அதுதான். "எழுத்தை நம்பாதே, படமாக்கு" என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்தப் படங்களை வாசிக்க முடியாமல் எத்தனை கோ மியோக்கள் இந்த ஊரில் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. எனக்குத் தெரியாது என்பது என் சமாதானம். உனக்கு அந்தச் சமாதானம் கிடையாது. எழுத்துக் குழப்பம் ஓய்ந்து வருடங்கள் ஆகின்றன. பழக்கம் மட்டும் மிச்சம் இருக்கிறது. தவிர, உன் வீட்டிலேயே ஒருவன் இருக்கிறான்.

இன்னொன்று இதைவிடப் பெரிது. உனக்குக்கூடச் சொன்னதில்லை. நான் சங்கத்தின் செயலாளராக இருந்தபோது பொன்னையா என்று ஓர் உறுப்பினர் இருந்தார். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பியது. மன்றம் இரண்டாவது மாடிக்கு மாறியபோது, படிக்கட்டின் ஓரத்தில் பிடித்து ஏற ஒரு கம்பி போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். ஒரு கம்பிதான். எதுக்கு அண்ணே கம்பி, நாங்க நாலு பேர் இருக்கோம், தூக்கிட்டுப் போறோம் என்றேன். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நல்ல மனசோடுதான் சொன்னேன் என்று இன்றும் நம்புகிறேன். அவர் என்னைப் பார்த்து, கோபப்படாமல் சொன்னார்:

"தம்பி, நான் செத்தப்புறம் தூக்குங்க. அது போதும்."

எல்லோரும் சிரித்தோம். சாவுச் சங்கத்தில் அதைவிட நல்ல நகைச்சுவை எது? அதற்கடுத்த "இருக்கேன்" நாளில் அவர் வரவில்லை. விதிப்படி பெயரை எடுத்தேன். பிறகு ஒரு நாள் அவர் மகள் வந்து, அப்பா போய்விட்டார், ஆள் அனுப்புங்கள் என்று கேட்டாள். நான் பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். பெயர் இல்லையேம்மா என்றேன். விதி என்றால் எல்லோருக்கும் விதி என்று அவளிடம் நீளமாகப் பேசினேன். அவர் தெருவில் இருந்த பர்மியப் பையன்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கிப் போனார்கள். செத்த பிறகு தூக்கினால் போதும் என்று அந்த மனிதர் கேட்டது ஒன்றுதான். அதையும் நான் செய்யவில்லை.

இதனால்தான் நடராஜனோடும் சண்டை. நான் வீடு வீடாகப் போய் வந்தது தெரிந்ததும் அவர் நம் வீட்டுக்கே வந்தார். "அண்ணே, ஒரு நிமிசம். நானே உள்ள போய் உங்க பேரை ஏத்திடுறேன். யாருக்கும் தெரியாது" என்றார். யாருக்கும் தெரியாது என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். முனியம்மா அக்காவுக்கு அந்த ஒரு நிமிடம் உண்டா? செல்விக்கு உண்டா? அச்சுக்கடைக்காரன், முன்னாள் செயலாளன், தளம் செய்தவனின் அப்பன், இவனுக்கு மட்டும் பின்வாசல் என்றால், பொன்னையாவின் மகளிடம் நான் பேசிய விதி என்ன ஆனது? அவர், போன மழைக்கு நெஞ்சு வலி வந்ததே அண்ணே, இடையில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்றார். உறுப்பினர் இல்லாதவனுக்கு என்ன செய்வீர்களோ அதைச் செய்யுங்கள், நகராட்சி வண்டி வரட்டும் என்றேன். உன் அம்மா அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டை வைத்தபடி, "தூக்க வர்ற வண்டிக்காவது உங்க புடிவாதத்தத் தூக்கத் தெம்பு இருக்கணும்" என்றாள். பயத்தில் பேசுகிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த விஷயத்தில் இறங்கி வரமாட்டேன்.

நீ அங்கே பெரிய கம்பெனியில் சேர்ந்திருக்கிறாய். ஆயிரக்கணக்கானவர்கள் தொடப்போகிற பக்கங்களைச் செய்யப் போகிறாய். அங்கே இதற்கெல்லாம் விதிகள் உண்டு, சோதித்துப் பார்க்கத் தனி ஆட்கள் உண்டு என்று நீயே அம்மாவிடம் போனில் சொன்னாயாம். கேட்டபோது மகிழ்ச்சியும் வந்தது, எரிச்சலும் வந்தது. அந்நியனுக்கு விதிக்காகச் செய்வாய். உன் அப்பனுக்கு, முனியம்மா அக்காவுக்கு, நேரமில்லை. உன் வேலையில் நீ கெட்டிக்காரனா என்று எனக்குப் பார்க்கத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும்: என் கடையில் இரண்டு பக்கமும் அழகாக அச்சாகி, நடுவில் ஒரு தாள் வெறுமையாக வந்தால், அந்தக் கட்டு முழுவதையும் திருப்பிப் போடுவேன். மற்றவை நன்றாக இருக்கிறது என்று யாரிடமும் கொடுத்ததில்லை. வேலை என்று நான் உனக்குக் கற்றுக் கொடுத்ததில் சரியானது ஒன்று உண்டென்றால் இதுதான்.

தளத்தின் சாவி இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. நடராஜனுக்குப் பெயரைச் சேர்க்கத் தெரியும், தளத்தை மாற்றத் தெரியாது. ஆகவே இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

நீ, வருகிற இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கு ஒதுக்கு. படமாகக் கிடக்கும் அறிவிப்புகளைத் தமிழிலும் பர்மியத்திலும் எழுத்தாக மாற்று; படம் வைத்தே தீரவேண்டும் என்றால் அதில் என்ன இருக்கிறது என்று சொல்லால் எழுது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு பொத்தானுக்கும், குரல் வாசிக்கும்படி பெயர் வை. விளக்கு இருக்கட்டும், எழுத்துத் தெரியாதவர்களுக்கு அது வேண்டும். ஆனால் அதற்குள் "இருக்கேன்" என்ற சொல்லும் இருக்கட்டும், பக்கத்தில் உள்ளதைத் தள்ளித் தூரத்தில் வை. பொத்தான்களைப் பெரிதாக்கு. தப்பு என்றால் எது தப்பு, எப்படித் திருத்துவது என்று வார்த்தையில் சொல், சிவப்பை நம்பாதே. ஐந்து நிமிடத்தை எடு. இழுத்துப் பொருத்தும் படத்தை எடு. வீடியோவில் நீ பேசியதை எல்லாம் கீழே எழுத்தாகப் போடு. முடித்ததும் திரையை முழுக்க இருட்டாக்கி, குரலை மட்டும் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை நீயே ஒரு முறை பதிந்து பார். உன்னால் முடியவில்லை என்றால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

நடராஜன், பதிவை மறுபடி திறக்க வேண்டும். எனக்காக மட்டும் இல்லை, இந்த ஆண்டு எடுத்த பெயர்களில் உயிரோடு இருக்கும் எல்லோருக்கும். போனே இல்லாதவர்களுக்காக மன்றத்தில் ஒரு தாளும், வாயால் சொல்ல ஒரு நாளும் எப்போதும் இருக்க வேண்டும். மன்றம் ஏற முடியாதவர்களின் வீட்டுக்கு நிர்வாகிகள் போய் அந்தச் சொல்லைக் கேட்டு வர வேண்டும். இனிமேல் ஒரு பெயரை எடுப்பதற்கு முன் ஓர் ஆள் அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். "யாரையாவது அழுத்தச் சொல்லுங்க" என்று ஒருவரிடமும் சொல்லக் கூடாது.

கோ மியோ, ஆரோக்கியம், செல்வி, முனியம்மா அக்கா நால்வரும், புதுத் தளத்தைத் திறப்பதற்கு முன் தங்கள் கையால் பதிந்து பார்க்க வேண்டும். கோ மியோ உறுப்பினர் இல்லை, அவனைச் சேரச் சொல்லியிருக்கிறேன். பௌத்தன் பெட்டியையும் தூக்குவோம். இந்த நால்வரில் ஒருவர் முடியவில்லை என்றாலும் நீ மறுபடி உட்கார வேண்டும். உன் அம்மா என் போனைத் தொடக் கூடாது, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து "அங்க இல்ல, இந்தப் பக்கம்" என்று சொல்லவும் கூடாது.

நான், மன்றத்துப் படிக்கட்டுக்குக் கம்பி போடுவேன். அளவு எடுத்தாகிவிட்டது, கீழ்ப்படியிலிருந்து மேல்படிவரை, இரண்டு பக்கமும். பொன்னையாவின் மகள் தாமுவேயில் இருக்கிறாள் என்று விசாரித்திருக்கிறேன். அவள் வீட்டுக்குப் போய், அவள் கதவைத் திறந்தால், நான் செய்தது தவறு என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்வேன். பிறகு வந்து உட்கார்ந்து, நீ திருத்திய தளத்தைத் திறந்து, என் பெயரை நானே எழுதி, அந்தப் பொத்தானை நானே அழுத்துவேன். அதுவரை சாகிற உத்தேசம் எனக்கு இல்லை. நீயும் அதை நம்பித் தாமதிக்காதே.

உன் அப்பா